பழசோட ஒத்துப்போகாத புதுக் கம்ப்யூட்டர் மதுரையில விலை போகுமா?

ஒத்தக்கடை_சிப்பு (இழையைத் தொடங்கியவர்)

அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நாங்க மூணு பேரு சேந்து ஒரு சின்ன கம்ப்யூட்டர் செஞ்சுக்கிட்டு இருக்கோம். இன்டெல் வகை இல்லாத ரிஸ்க்-ஃபைவ்ங்கிற சிப்பு போட்ட ரெடிமேட் போர்டு, அடியில லினக்ஸ் கெர்னல், அதுக்கு மேல அம்புட்டும் எங்க வேலை. திறந்ததும் தமிழ், தமிழ்99 கீபோர்டு. பில் போடலாம், கடுதாசி அடிக்கலாம், வரவு செலவு எழுதலாம், பிள்ளைக படிக்கலாம். விண்டோஸ் சாஃப்ட்வேர் எதுவும் ஓடாது. ஓட வைக்கப் போறதும் இல்ல.

அந்தக் கடைசி வரியிலதான் எங்களுக்குள்ள சண்டை. கூட்டாளி ஒருத்தன், வைன்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு லினக்ஸ்ல விண்டோஸ் சரக்கை ஓட்டிக் காமிச்சாத்தான் கடைக்காரங்க திரும்பியே பாப்பாங்கங்கிறான். நான் வேண்டாங்கிறேன். 1984-ல மேக்கிண்டாஷ் வந்தப்ப ஆப்பிளோட சொந்த ஆப்பிள் 2 சாஃப்ட்வேர்கூட அதுல ஓடாது. 2007-ல ஐபோன் வந்தப்ப வேற எந்த ஃபோனோட ஆப்பும் அதுல ஏறாது, ஆப் ஸ்டோரே 2008 ஜூலையிலதான் திறந்தாங்க. ரெண்டும் நின்னு காமிச்சுச்சா இல்லையா?

இன்னொன்னு, நேரம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சுருச்சு. எட்டாம் தலைமுறைக்கு முந்தின இன்டெல் பெட்டியில விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அந்த மாதிரிப் பெட்டி மதுரையில எம்புட்டுக் கடையில கிடக்குன்னு உங்களுக்கே தெரியும். எப்படியும் மாத்தப் போறாங்க, எங்க பெட்டிக்கு மாத்தட்டுமே?

கழுவி ஊத்துறதா இருந்தாலும் ஊத்துங்க, பரவாயில்ல.

ஜிகர்தண்டா_64பிட்

மாப்ளே, டேலி ஓடுமா?

ஒத்தக்கடை_சிப்பு

ஓடாது. கணக்குக்கு நாங்களே எழுதியிருக்கோம். ஜிஎஸ்டி பில்லும் போடும்.

ஜிகர்தண்டா_64பிட்

அப்ப இழையைப் பூட்டிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போகலாம்.

சர்வீஸ்_அக்கா

ஏய், சும்மா இரு. பிள்ளை ஏதோ செய்யுது.

தம்பி, நான் சிம்மக்கல்ல சர்வீஸ் கடை வச்சிருக்கேன். கீழமாசி வீதி மொத்தக் கடைகள்ல பாதிக்கு மேல எங்க கை பட்ட பெட்டிதான். அங்க நடக்கிறதைச் சொல்றேன், நீயே கணக்குப் போட்டுக்க.

முதலாளி டேலி வச்சிருக்கிறது டேலி மேல ஆசைப்பட்டு இல்ல. மாசம் பொறந்தா ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து ஃபோன் வரும், பேக்கப் அனுப்பி விடுங்கன்னு. அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கிற பிள்ளைகளுக்கு டேலி மட்டும்தான் தெரியும். உன் சாஃப்ட்வேர் டேலியைவிட நூறு மடங்கு நல்லா இருக்கட்டும், அந்த ஃபோனுக்கு முதலாளி என்ன பதில் சொல்லுவாரு?

அடுத்தது ஆளு. கணக்கு எழுதுற பொண்ணு கல்யாணமாகிப் போயிருச்சுன்னா, டேலி தெரிஞ்ச இன்னொரு ஆளு ஒரு வாரத்துல கிடைச்சுரும். டேலி சொல்லிக் குடுக்கிற இன்ஸ்டிட்யூட் தெருவுக்குத் தெரு இருக்கு. உன் பெட்டி தெரிஞ்ச ஆளை அவரு எங்க போயித் தேடுவாரு? உன்னையவா கூப்பிட்டு உக்கார வைக்க முடியும்?

அப்புறம் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். யுஎஸ்பி மாதிரி இருக்கும்ல, அதுக்கு டிரைவர். பில்லுக்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். சின்னச் சின்னச் சாமான்தான், ஆனா இதுல ஒண்ணு மக்கர் பண்ணினாலும் அன்னைக்கு வியாபாரம் நிக்கும். திட்டு எனக்கு விழும்.

நீ விண்டோஸோட ஒத்துப்போறதா வேண்டாமான்னு கேக்குற. கடைக்காரர் விண்டோஸை எங்கப்பா பாக்குறாரு? அவரு பாக்குறது ஆடிட்டரை, கணக்குப் பிள்ளையை, பிரிண்டரை. அவங்களோட ஒத்துப்போவியான்னுதான் கேள்வி.

உசிலை_டு_பெங்களூரு

அக்கா சொல்றது சரி. ஆனா தம்பி பக்கமும் நியாயம் இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டீங்க போல.

ஐபிஎம்மோட ஓஎஸ்/2-வை எடுத்துக்கங்க. 1992-ல வந்த 2.0 பதிப்பு டாஸ் சாஃப்ட்வேரையும் விண்டோஸ் 3 சாஃப்ட்வேரையும் அப்படியே ஓட்டும். டாஸைவிட நல்ல டாஸ், விண்டோஸைவிட நல்ல விண்டோஸ்னு ஐபிஎம்மே விளம்பரம் பண்ணுச்சு. உண்மையிலேயே உறுதியான சிஸ்டம்தான். என்ன ஆச்சு? சாஃப்ட்வேர் எழுதுறவன் யோசிச்சான்: விண்டோஸுக்கு ஒரு தடவை எழுதினா ரெண்டுலயும் ஓடுது, ஓஎஸ்/2-க்குன்னு தனியா எதுக்கு மெனக்கெடணும்? அந்தத் தளத்துக்குன்னு சொந்தச் சரக்கு சேரவே இல்ல. மைக்ரோசாஃப்ட் 32 பிட்டுக்கு நகர்ந்து விண்டோஸ் 95 வந்ததும், ஐபிஎம் எதைப் பாத்துக் காப்பி அடிச்சதோ அதுவே இடம் மாறிப் போச்சு. 2013-ல பிளாக்பெர்ரி 10 ஆண்ட்ராய்டு ஆப்பை ஓட்டினதும் இதே கதைதான். அடுத்தவன் சரக்கை ஓட்டுறதுதான் உன் பெருமைன்னா, அவன் பெட்டியையே வாங்கிட்டுப் போயிருவாங்க.

அதுக்காக ஒத்துப்போகாம இருந்தா போதும்னும் சொல்லலை. மைக்ரோசாஃப்டே 2012-ல சர்ஃபேஸ் ஆர்டி கொண்டாந்துச்சு. பாக்க விண்டோஸ், பேரு விண்டோஸ், ஆனா பழைய விண்டோஸ் சாஃப்ட்வேர் எதுவும் ஓடாது. 2013 ஜூலையில 90 கோடி டாலரை நஷ்டக் கணக்குல எழுதினாங்க. இன்டெல் 2001-ல இட்டானியம்னு புதுக் கட்டமைப்பு கொண்டுவந்தா, பழைய சாஃப்ட்வேர் அதுல ஊர்ந்துச்சு. 2003-ல ஏஎம்டி, இருக்கிற கட்டமைப்பையே 64 பிட்டுக்கு நீட்டி ஆப்டெரான்னு விட்டாங்க. அடுத்த வருஷமே இன்டெல் அவங்க வழிக்கு வர வேண்டியதாப் போச்சு.

ஜிகர்தண்டா_64பிட்

அப்ப ஸ்டீம் டெக்ங்கிற கேம் பெட்டி மட்டும் எப்படிண்ணே? அடியில லினக்ஸ், ஓடுறது பூரா விண்டோஸ் கேமு. ஓஎஸ்/2 செத்த குழியில இது மட்டும் விழலையே?

உசிலை_டு_பெங்களூரு

நல்ல கேள்வி, டீ உன் கணக்குல. அதைச் செய்யிற வால்வ் கம்பெனிக்கு லினக்ஸ்ல இருந்து காசு வரலை, கேம் விக்கிற ஸ்டீம் கடையில இருந்து வருது. லினக்ஸுக்குன்னு தனியா யாரும் கேம் எழுதாட்டியும் அவங்களுக்கு நஷ்டம் இல்ல. விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டுற புரோட்டானை 2018-ல விட்டாங்க, டெக்கை 2022-ல. நாலு வருஷம் பொறுமையா ஒட்டுப் போட்டுத்தான் வந்தாங்க. ஐபிஎம்முக்கு ஓஎஸ்/2-வே விக்கிற சரக்கு. வித்தியாசம் அங்க இருக்கு.

பழைய_கோபால்காரர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மேக்கிண்டாஷை உதாரணம் காட்டுகிற எவரும் 1984-ஐச் சொல்லிவிட்டு 1985-ஐ விட்டுவிடுகிறார்கள். 128 கிலோபைட் நினைவகத்தோடு வந்த அந்த முதல் மேக்குக்கு மென்பொருள் அதிகம் இல்லை. அலுவலகங்கள் ஐபிஎம் பிசியோடு நின்றன. மேக்கைக் கரை சேர்த்தது 1985-இல் வந்த லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும், அதனுள் இருந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியும், அதே ஆண்டு ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும்தான். ஐபிஎம் பிசியில் அன்று செய்யவே முடியாத ஒரு வேலை அதற்குக் கிடைத்தது. அந்த வேலையில் ஒத்துப்போவதற்குப் பழைய மென்பொருளும் இல்லை.

அப்படியிருந்தும் 1997-இல் ஆப்பிள் மைக்ரோசாஃப்டிடம் போக வேண்டியிருந்தது. 15 கோடி டாலர் முதலீடு என்று செய்தித்தாள்கள் எழுதின. என்னைக் கேட்டால், ஐந்தாண்டுக்கு மேக்கில் ஆஃபீஸ் வரும் என்ற உறுதிமொழிதான் அதைவிடப் பெரிது. அனுப்புகிற வேர்டு கோப்பு அங்கே திறக்காவிட்டால் மேக்கை யார் வைத்துக்கொள்வார்கள்?

இன்னும் பழையது ஒன்று. 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம் 200 என்றொரு கணினியை அறிவித்தது. ஐபிஎம்மின் 1401 கணினிக்கு எழுதிய நிரல்களை அதற்கு மாற்றித் தரும் மென்பொருளுக்கு லிபரேட்டர் என்று பெயர் வைத்தார்கள். ஐபிஎம்முக்கு நடுக்கம். 1964 ஏப்ரல் 7-இல் அவர்கள் அறிவித்த சிஸ்டம்/360 கட்டமைப்பிலேயே புதியது, 1401-க்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் மாடல் 30 போன்றவற்றில் 1401-ஐப் போலவே நடந்துகொள்ளும் வசதியை வைத்து விற்றார்கள். வாடிக்கையாளர் பழைய நிரலை ஓட்டிக்கொண்டே, நேரம் கிடைத்தபோது கோபால் (COBOL) என்ற நிரல்மொழியில் திருப்பி எழுதினார். ஆப்பிளும் மேக்கின் சிப்பை மாற்றியபோதெல்லாம் இதையே 1994, 2006, 2020 என மூன்று முறை செய்தது. 2006-இல் வந்த ரொசெட்டா என்ற அந்த வசதியை 2011-இல் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்போடு கழற்றியும் விட்டார்கள்.

தம்பியின் கூட்டாளி சொல்வதை இந்தக் கோணத்தில் யோசிக்கலாம். பழையதை ஓட்டும் வசதியைக் கழற்றப் போகும் நாளையும் தீர்மானித்துவிட்டே வைக்கலாம்.

ஒத்தக்கடை_சிப்பு

சார், ஐபிஎம்மும் ஆப்பிளும் சொந்தப் பழசைக் கழற்றினாங்க. நான் கழற்ற வேண்டியது மைக்ரோசாஃப்டோட பழசை. தேதி குறிக்கிற அதிகாரம் எனக்கு எங்க இருக்கு? நான் வைன் வச்சா ஓஎஸ்/2 மாதிரி கடைசி வரைக்கும் சுமக்கணும்.

பழைய_கோபால்காரர்

அது நியாயமான மறுப்பு.

போடிக்காரன்

எங்க ஊரு ரயிலு கதையச் சொல்றேன். மதுரை-போடி மீட்டர் கேஜை 2010 கடைசியில நிப்பாட்டுனாய்ங்க. அகலப் பாதை போட்டு தேனிக்கு ரயிலு வந்தது 2022 மே மாசம், போடிக்கு 2023 ஜூன். பழைய பெட்டி ஒண்ணுகூட புதுப் பாதையில ஓடாது. சுத்தமா ஒத்துப்போகாத சாமான். ஆனா இன்னைக்கு மெட்ராஸ்ல ஏறுனா போடியில வந்து இறங்கலாம். அன்னைக்குப் பழசையும் ஓட்டணும்னு நின்னிருந்தா இன்னைக்கும் மதுரையில மாறித்தான் வரணும். தம்பி, நீ செய்யிறதுதேன் சரி.

சர்வீஸ்_அக்கா

ரயில்வேக்காரன் பழைய தண்டவாளத்தைப் பேத்து எடுத்துட்டுல்ல புதுசு போட்டான். நடுவுல பன்னெண்டு வருசம் நீங்க பஸ்ஸுலதான வந்தீங்க, வேற வழியில்லாம? இந்தத் தம்பி கீழமாசி வீதிக்குப் போயி டேலியைப் பேத்து எடுக்க முடியுமா?

போடிக்காரன்

அதும் வாஸ்தவம்தேன்.

உசிலை_டு_பெங்களூரு

அக்கா ஒரே வரியில முடிச்சுட்டாங்க. பழசை மூடுற அதிகாரம் யாருகிட்ட இருக்கோ அவன் ஒத்துப்போகாத புதுசைக் கொண்டுவரலாம். கேரளா அரசுப் பள்ளிக்கூடங்கள்ல லினக்ஸ் நின்னதுக்குக் காரணம் லினக்ஸ் அழகு இல்ல. பாடப் புத்தகம், வாத்தியார் பயிற்சி, பத்தாம் வகுப்பு ஐடி பரீட்சை, எல்லாத்தையும் சேத்து மாத்தினாங்க. பரீட்சையே அதுல நடக்குதுன்னா வாத்தியாரும் கத்துக்குவாரு, பிள்ளையும் கத்துக்கும்.

சர்வீஸ்_அக்கா

நம்ம ஊருல 2011-ல இருந்து குடுத்த இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கா? என்கிட்ட ரிப்பேருக்கு வந்ததுல விண்டோஸும் இருந்துச்சு, பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. மத்திய அரசோட சிடாக் நிறுவனம் செஞ்ச நம்ம நாட்டுச் சரக்கு, குறை சொல்லக்கூடாது. ஆனா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறப்ப பிள்ளைக எதைத் தொடும்? அண்ணன் எதுல பாட்டு ஏத்தினானோ அதைத்தான். இடம் பத்தலைன்னு லினக்ஸை அழிக்கச் சொல்லிக் கொண்டாந்த பிள்ளைகதான் அதிகம்.

இன்னொன்னும் பாத்தேன். 2017-ல ஜியோஃபோன் வந்துச்சு. உள்ள காய்ஓஎஸ், ஆண்ட்ராய்டு ஆப்பு எதுவும் ஏறாது. கடைக்கு வந்தவங்க ஆண்ட்ராய்டான்னு ஒருத்தர்கூடக் கேக்கலை. எல்லாரும் கேட்டது வாட்ஸ்அப் வருமா. 2018 செப்டம்பர்ல அது வந்துச்சு, கேள்வியும் நின்னுபோச்சு. ஒத்துப்போறதுன்னா எல்லாத்தோடயும் இல்ல தம்பி. உன் ஆளு யாரோட பேசணுமோ அந்த ஒண்ணோட.

திருத்தங்கல்_அச்சகம்

மேல கோபால்கார ஐயா பேஜ்மேக்கர்னு சொன்னதும் படிக்க உக்காந்துட்டேன். சிவகாசிப் பக்கம் சின்ன ஆஃப்செட் பிரஸ் வச்சிருக்கோம். எங்க கதையையும் கேளுங்க, சிரிப்பா இருக்கும்.

மேக்கைக் காப்பாத்தின அதே பேஜ்மேக்கர் 1987-ல விண்டோஸுக்கு வந்துருச்சு. அடோபி 7-ஆம் பதிப்போட அதை நிப்பாட்டி இருபது வருசத்துக்கு மேல ஆகுது. இன்னும் எங்க பக்கம் பல பிரஸ்ல அதுதான் ஓடுது. ஏன்னு கேட்டா, ஒண்ணு ஃபாண்டு, ரெண்டு பழைய ஃபைலு.

பழைய தமிழ் ஃபாண்டு எதுவும் உண்மையில தமிழ் இல்ல. இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல தமிழ் உருவத்தை உக்கார வச்சது. பாமினிக்கு ஒரு வரிசை, வானவில்லுக்கு ஒரு வரிசை, 1999 மாநாட்டுல முடிவு பண்ணின டாம், டாப் வேற வரிசை. அந்த ஃபாண்டு இல்லாத பெட்டியில திறந்தா, மாப்பிள்ளை பேரு இருக்கிற இடத்துல அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமா நிக்கும். யூனிகோடுக்கு மாத்தலாமேம்பீங்க. அரசாங்கமே 2010-ல யூனிகோடுன்னு ஆணை போட்டுருச்சு, தெரியும். பழைய ஃபாண்டுல 'கொ' அடிக்கணும்னா முதல்ல கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் கால். கண்ணுக்குத் தெரியிற வரிசை. யூனிகோடுல 'க' முதல்ல, ஒகரக் குறி பின்னாடி. மாத்தித் தர்ற கருவி எல்லாம் இருக்கு, வேலையும் செய்யுது. ஆனா ஒரே பத்திரிகையில தலைப்புக்கு ஒரு ஃபாண்டு, சொந்தபந்தம் பேருக்கு ஒரு ஃபாண்டு, நடுவுல இங்கிலீஷ்ல முகவரி. கருவி அந்த இங்கிலீஷையும் சேத்துத் தமிழாக்கி வச்சிரும். யாரு உக்காந்து திருத்துறது?

ஃபைலைப் பத்திச் சொல்றேன். போன மாசம் ஒரு குடும்பம் வந்துச்சு. மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு நாங்க அடிச்ச பத்திரிகையைக் கையில கொண்டாந்து, இதே மாதிரி ரெண்டாவது பொண்ணுக்கு வேணும், பேரை மட்டும் மாத்துங்கன்னாங்க. தாய்மாமன், அத்தை, சித்தப்பான்னு ரெண்டு பக்கம் பேரு. ஒருத்தர் பேரு விட்டாலும் மண்டபத்துல சண்டை. பழைய ஃபைல் திறந்துச்சு, அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுச்சு. திறக்கலைன்னா மறுபடி அடிக்கணும், மறுபடி புரூஃப் பாக்கணும். அந்தத் திறக்கிற ஒரே காரணத்துக்காக விண்டோஸ் வச்சிருக்கோம்.

ஆனா ஒண்ணு கவனிங்க. பிளேட் போடுற சிடிபி கடைக்கு நாங்க பேஜ்மேக்கர் ஃபைலைக் குடுக்கிறதே இல்ல. பிடிஎஃப்தான். எதுல செஞ்சோம்னு அவன் கேக்குறதும் இல்ல. வெளிய போற பக்கம் எந்தப் பெட்டியா இருந்தாலும் சரி. உள்ள வர்ற பக்கம்தான் பூட்டு.

உசிலை_டு_பெங்களூரு

அண்ணாச்சி, லிப்ரேஆஃபீஸ்ல பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கிற நூலகம் இருக்கு. லினக்ஸ்லயும் திறக்கும். வடிவம் கொஞ்சம் கலையும், ஆனா எழுத்து வந்துரும். பக்கம் வடிவமைக்கிற ஸ்கிரைபஸ் சாஃப்ட்வேர்லயும் 1.5 வரிசையில இருந்து யூனிகோடு தமிழ் ஒழுங்கா வருது. விண்டோஸ் இல்லாமலேயே அந்த உள்பக்கப் பூட்டைத் திறக்க வழி இருக்குன்னு சொல்றேன்.

பழைய_கோபால்காரர்

ஒத்துப்போகாமல் தோற்றவர்களைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 1984-இல் நம் நாட்டுப் பள்ளிகளில் கிளாஸ் என்ற கணினித் திட்டம் தொடங்கியது. அதற்கு வந்தவை பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் செய்தது; 6502 சிப்பு, 32 கிலோபைட். ஐபிஎம் பிசியின் மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. பிசி பரவியதும் அந்தப் பெட்டிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஏக்கார்ன் 1987-இல் ஆர்க்கிமிடீஸ் என்று இன்னொன்று செய்தது, பிசிக்கு முன்னால் அதுவும் நிற்கவில்லை.

ஆனால் ஆர்க்கிமிடீஸுக்குள் அவர்களே வடிவமைத்த ஒரு சிப்பு இருந்தது. ஆர்ம். 1990-இல் அது தனி நிறுவனமாகப் பிரிந்தது. இன்று நீங்கள் இந்த இழையைப் படிக்கிற கைப்பேசிக்குள் அநேகமாக அதுதான் இருக்கிறது. மேசைக் கணினியில் பிசியோடு மோதித் தோற்ற அதே கட்டமைப்பு, பிசியின் பழைய மென்பொருளை எவரும் கேட்காத இடத்தில் உலகையே பிடித்தது. ஐபோனும் அந்த இடத்தில்தான் ஜெயித்தது. தம்பி, ஐபோனை முன்மாதிரியாகக் காட்டிவிட்டு மாசி வீதிக் கடையில் போய் விற்பேன் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சரக்கில் குறையில்லை. கொண்டுபோகும் இடம் தவறு.

ஜிகர்தண்டா_64பிட்

ஐயா சொன்ன மாதிரி விண்டோஸ் இல்லாத இடம் எது மாப்ளே? மேலூர் பக்கம் கரும்பு வெட்டுக் கணக்கு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் சீட்டு, இதெல்லாம் இன்னும் நோட்டுலதான ஓடுது. நோட்டு ஆதரவை யாரும் நிறுத்தப் போறதில்ல, அதான் சிக்கல்.

ஒத்தக்கடை_சிப்பு

கிண்டல்லயும் ஒரு யோசனை இருக்குண்ணே. பூ மார்க்கெட் கமிஷன் கடை சீட்டுக் கணக்கை நாங்க யோசிக்கவே இல்ல. அங்க ஆடிட்டர் பேக்கப் கேக்குறாரான்னு விசாரிக்கிறேன்.

வைன் போட மாட்டேன், அதுல மாத்தம் இல்ல. சிப்பும் வேற. இன்டெல் சாஃப்ட்வேரை ரிஸ்க்-ஃபைவ்ல ஓட்டணும்னா வைனுக்கு அடியில இன்னொரு மொழிபெயர்ப்பும் வேணும். இந்தச் சின்ன போர்டுல அது மாட்டு வண்டி வேகம்தான். டெபியன்ங்கிற லினக்ஸோட 13-ஆம் பதிப்பு ரிஸ்க்-ஃபைவை முறைப்படி சேத்துக்கிட்டதால லினக்ஸ் சரக்குக்குப் பஞ்சமில்ல, அது போதும்.

ஆனா ரெண்டு கதவு மட்டும் வைக்கப் போறோம். ஒண்ணு, டேலிக்குள்ள இறக்குமதி ஆகிற எக்ஸ்எம்எல் ஃபைல். கடையில எங்க சாஃப்ட்வேர், ஆடிட்டருக்குப் போறது டேலி கேக்குற வடிவத்துல. ரெண்டாவது, பழைய ஃபாண்டு ஃபைலைத் திறந்து யூனிகோடாக்கி பிடிஎஃப் எடுக்கிறது. அண்ணாச்சி, சோதிக்க நாலஞ்சு ஃபைல் தருவீங்களா?

சர்வீஸ்_அக்கா

எக்ஸ்எம்எல் குடுத்தா ஆடிட்டர் ஆபீஸ்ல ஏத்தித் தருவாங்கதான். லெட்ஜர் பேரு ஒரு எழுத்து மாறினாலும் டேலி எடுக்காது, அதைப் பாத்துக்க. பேரை அடிக்க விடாத, அவங்க பட்டியலை வாங்கி அதுல இருந்து பொறுக்குற மாதிரி வையி. கணக்குப் பிள்ளை பிரச்சனைக்கு நீ இன்னும் பதில் சொல்லலை.

ஒத்தக்கடை_சிப்பு

அதுக்கு இப்போதைக்குப் பதில் இல்லக்கா.

திருத்தங்கல்_அச்சகம்

ஃபைல் தர்றேன் தம்பி. ரெண்டு கல்யாணப் பத்திரிகை, ஒரு பில் புக்கு, ஒரு தினசரி காலண்டர் தாளு. காலண்டர்ல ராசிபலன் ஒரு ஃபாண்டு, நல்ல நேரம் ஒரு ஃபாண்டு, அதுதான் உனக்குச் சரியான பரீட்சை. பேரெல்லாம் மாத்திட்டு அனுப்புறேன். ஃபாண்டு ஃபைல் மட்டும் கேக்காத, அது காசு குடுத்து எங்க பெட்டிக்குன்னு வாங்கினது, வெளிய குடுக்கக் கூடாது.

ஒத்தக்கடை_சிப்பு

உருவம் வேண்டாம் அண்ணாச்சி. எந்த எண்ணுல எந்த எழுத்து உக்காந்திருக்குங்கிற பட்டியல் போதும். உங்க பெட்டியிலேயே 32-ல இருந்து 255 வரைக்கும் எல்லா எண்ணையும் வரிசையா அடிச்சு, அந்தத் தாளை ஸ்கேன் பண்ணி அனுப்பினீங்கன்னா நாங்க எழுதிக்கிருவோம். ஃபாண்டுக்கு ஒரு தாளு.

திருத்தங்கல்_அச்சகம்

எங்ககிட்ட நாப்பது ஃபாண்டு இருக்கே.

ஜிகர்தண்டா_64பிட்

காலண்டர் சீசன் முடியட்டும் அண்ணாச்சி, நான் வந்து அடிச்சுத் தாரேன். பஸ் காசு மட்டும் மாப்ளே குடுத்துரணும்.